தோத்துப்போன கோச்சும் அவரோட சிஷ்யர்களும்

கன்சாஸ் பல்கலைக்கழக கூடைப்பந்து வரலாற்றில், ஜெயிச்சதைவிட அதிகமா தோத்த கோச் ஒரே ஒருத்தர்தான். 55 வெற்றி, 60 தோல்வி. பேரு ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891ல் கூடைப்பந்து என்ற விளையாட்டையே கண்டுபிடிச்ச அதே ஆசாமி! (சமையல் குறிப்பு எழுதினவங்க எல்லாம் நல்லா சமைப்பாங்கன்னு யார் சொன்னது?)

ஆனா அவர்கிட்ட ஆடின ஃபாக் ஆலன், அடுத்து கன்சாஸுக்கே கோச் ஆனார். ஆலனோட அணியில் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரெண்டு பேரை மட்டும் பாருங்க. ஒருத்தர் அடால்ஃப் ரப். 1930ல் கென்டக்கிக்குப் போய் நாலு முறை சாம்பியன் ஆக்கினார். இன்னொருத்தர் டீன் ஸ்மித். 1961ல் வட கரோலினாவுக்கு கோச் ஆனார். இன்னிக்கு கல்லூரி கூடைப்பந்தில் பெரிய பேருன்னு சொன்னா முதலில் வர்ற மூணுமே ஒரே திண்ணைப் பள்ளிக்கூடம்தான்.

அப்ப நல்ல குரு-சிஷ்ய பரம்பரை இருந்தா போதுமான்னா, அங்கதான் யுசிஎல்ஏ கதை இடிக்குது. ஜான் வுடன் 1964லிருந்து 1975க்குள் 10 பட்டம் வாங்கினார். அப்படி ஒரு ஆதிக்கம் அதுக்கப்புறம் யாருக்கும் வாய்க்கலை. அவர் ஓய்வு பெற்றதும் வந்த ஜீன் பார்டோ ரெண்டு வருஷத்தில் 52 ஜெயிச்சு, 9 தான் தோத்தார். அதுவும் பத்தலை! திட்டு தாங்காம கிளம்பிட்டார். அடுத்து வந்தவர் வுடனோட சொந்த சிஷ்யர், ரெண்டே வருஷம். அதுக்கடுத்த லாரி பிரௌன் 1980ல் இறுதி ஆட்டம் வரை கொண்டு போனார், 1981ல் அவரும் காலி. வுடனுக்குப் பிறகு யுசிஎல்ஏவுக்குக் கிடைச்ச ஒரே பட்டம் 1995ல். அதே பிரௌன் 1988ல் கன்சாஸை சாம்பியன் ஆக்கினார் என்பதுதான் வேடிக்கை.

என்னைக் கேட்டா வித்தியாசம் பொறுமையில்தான் இருக்கு. கன்சாஸில் 1898ல் நெய்ஸ்மித் தொடங்கி பில் செல்ஃப் வரை மொத்தமே எட்டு கோச். வட கரோலினாவில் 1965ல் மாணவர்கள் ஸ்மித்தோட கொடும்பாவியைத் தூக்கில் தொங்க விட்டாங்க. நிர்வாகம் அசையலை. அவருக்கு முதல் பட்டம் கிடைச்சது 1982ல், 21வது சீசனில்! எங்க சாஃப்ட்வேர் உலகத்தில் ரெண்டு காலாண்டு டெலிவரி சொதப்பினாலே மேனேஜரை மாத்திடுவாங்க.

இதுக்காக பொறுமையை ரொம்பவும் புகழவும் மனசு வரலை. ரப்பை 42 வருஷம் வெச்சிருந்த கென்டக்கி, 1966 இறுதி ஆட்டத்தில் முழுக்க வெள்ளையர் அணியோட இறங்கி, ஐந்து கறுப்பின வீரர்களோட ஆட்டத்தைத் தொடங்கின டெக்ஸாஸ் வெஸ்டர்னிடம் 72-65ன்னு தோத்தது. ரப் தன் முதல் கறுப்பின வீரரைச் சேர்த்தது 1969ல்தான். யாரும் அவரைத் தட்டிக் கேட்க முடியாத அளவுக்கு வளர்ந்துட்டதும் ஒரு காரணம்னு எனக்குப் படுது. அதே ஆலன்கிட்ட படிச்ச ஸ்மித்தோ 1966லேயே சார்லி ஸ்காட்டை ஸ்காலர்ஷிப் கொடுத்துக் கூட்டிட்டு வந்துட்டார்.

ரப் ஓய்வு பெறும்போது 876 வெற்றி, அப்போதைக்கு அதுதான் சாதனை. 1997ல் அதைத் தாண்டினவர் ஸ்மித்.