வருங்காலத்தைக் கடன் வாங்கிய மொழி

ஜெர்மன் வகுப்பில் சேருபவர்களுக்கு ஆரம்பத்திலேயே ஒரு சந்தோஷச் செய்தி காத்திருக்கும். "நாளை வருவேன்" என்று சொல்லப் புதிதாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். 'இஷ் கொம்ம மோர்கன்' என்றால் போதும். வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் "நான் வருகிறேன் நாளை". நிகழ்காலம்தான். பேச்சுத் தமிழில் "நாளைக்கு வர்றேன்" என்கிறோமே, அதே கதை. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தமிழில் வேண்டுமென்றால் 'வருவேன்' என்று ஒரே சொல்லில் எதிர்காலத்தைக் காட்டிவிடலாம். ஜெர்மன் வினைச்சொல்லை எப்படித் திருகினாலும் அப்படி ஒரு வடிவம் கிடைக்காது.

ஏன் கிடையாது? இதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பின்னால் போக வேண்டும்.

ஜெர்மன், ஆங்கிலம், டச்சு, ஸ்வீடிஷ் எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்தத் தாய்மொழியில் வினைச்சொல்லுக்கு இரண்டே காலங்கள்: நடந்தது, நடக்காதது. இப்போது நடப்பதும் நாளை நடக்கப்போவதும் ஒரே வடிவத்துக்குள் அடக்கம். பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. லத்தீன் வந்தபோதுதான் வம்பு ஆரம்பித்தது. லத்தீனில் எதிர்காலத்துக்கென்றே தனி விகுதிகள் உண்டு. கி.பி. 830 வாக்கில் ஃபுல்டா மடத்துத் துறவிகள், நான்கு நற்செய்திகளையும் ஒரே கதையாகத் தொகுத்த ஒரு லத்தீன் நூலை ஜெர்மனுக்குக் கொண்டுவந்தார்கள். இடப்பக்கம் லத்தீன், வலப்பக்கம் ஜெர்மன் என்று இரண்டு பத்திகளாக எழுதப்பட்ட அதன் பிரதி இன்னும் இருக்கிறது. லத்தீன் பக்கத்தில் எதிர்காலம் வரும் இடங்களில் ஜெர்மன் பக்கத்தில் பெரும்பாலும் சாதாரண நிகழ்காலம்தான் நிற்கிறது. அவ்வப்போது மட்டும் 'ஸ்குலன்' என்ற துணைவினை எட்டிப் பார்க்கிறது.

இந்த ஸ்குலனின் அடிப்படைப் பொருள் "கடன்பட்டிருத்தல்". (காமர்ஸ் படிப்பவர்கள் கவனிக்க!) இன்றைய ஜெர்மனில் கடனுக்கும் குற்றத்துக்கும் சேர்த்து 'ஷுல்ட்' என்று ஒரே சொல். அதுவும் இதே வேர்தான். ஆங்கிலத்தின் 'ஷல்' இதன் உடன்பிறப்பு. ஆக, நாளை செய்யப்போவது என்பது இன்று பட்ட கடன். சில நூற்றாண்டுகளுக்கு இதையும், "விரும்புதல்" என்ற பொருள் கொண்ட வினையையும் வைத்தே ஜெர்மன்காரர்கள் எதிர்காலத்தை ஓட்டினார்கள். ஆங்கிலம் அந்தப் பாதையிலேயே போய் ஷல், வில் என்று நின்றுவிட்டது. ஜெர்மன் மட்டும் பாதி வழியில் திரும்பியது.

திரும்பியது என்பது இங்கே பொருத்தமான வார்த்தை. ஜெர்மன் பிடித்துக்கொண்ட 'வேர்டன்' என்ற வினைக்கு இன்றைய பொருள் "ஆகுதல்"; ஆனால் அதன் பழைய வேருக்கு "திரும்புதல்" என்று பொருள். சமஸ்கிருதத்தின் 'வ்ருத்' அதே வேர். அதிலிருந்து வந்த 'வர்த்தமானம்' என்றால் நிகழ்காலம்! ஒரே வேர் ஓரிடத்தில் இன்றைக்கும் இன்னோரிடத்தில் நாளைக்கும் பெயர் கொடுத்திருப்பது வேடிக்கைதான்.

முதலில் "அவன் பார்க்கிறவன் ஆகிறான்" என்பது போலத்தான் வேர்டனைப் பயன்படுத்தினார்கள். ஒரு செயல் தொடங்குவதைச் சொல்ல அது உதவியது. 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் வேர்டனோடு வினையின் மூலவடிவமே நேராக ஒட்டிக்கொண்டு, 'இஷ் வேர்ட கொம்மன்' (வருவேன்) என்ற வகை வாக்கியங்கள் பெருகின. எப்படி ஒட்டியது என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை. பழைய விகுதி தேய்ந்து போனது என்கிறது ஒரு கட்சி. மற்ற துணைவினைகளைப் பார்த்துப் போட்ட நகல் என்கிறது இன்னொரு கட்சி. போஹீமியாவில் அக்கம்பக்கத்தில் வாழ்ந்த செக் மக்களின் மொழியிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. செக் மொழியிலும் இதே அமைப்பு இருப்பதால் அதை ஒரேயடியாக ஒதுக்க முடியாது.

மார்ட்டின் லூதரின் புதிய ஏற்பாடு 1522-லும் முழு பைபிள் 1534-லும் வெளிவந்தபோது வேலை பாகப்பிரிவினை ஆகிவிட்டிருந்தது. கட்டளைகளுக்கு ஸ்குலனின் வாரிசான 'சோலன்', தீர்க்கதரிசனங்களுக்கு வேர்டன். 1578-இல் யோஹானஸ் க்ளாயுஸ் லூதரின் நூல்களை ஆதாரமாக வைத்து ஒரு ஜெர்மன் இலக்கணம் எழுதினார். எழுதியது லத்தீனில்! அந்தக் கால இலக்கணக்காரர்களுக்கு லத்தீன்தான் அளவுகோல். லத்தீன் அட்டவணையில் எதிர்காலத்துக்கு ஒரு கட்டம் இருந்தால் ஜெர்மனிலும் ஒன்று இருந்தாக வேண்டும். வேர்டனைத் தூக்கி அதில் உட்கார வைத்தார்கள். பள்ளிப் புத்தகங்களில் இன்றும் வரும் ஆறு காலங்கள் அந்த அட்டவணையின் வழித்தோன்றல்கள்.

ஆனால் மக்களின் வாய் அட்டவணையைப் பார்த்துப் பேசுவதில்லையே. 'ஏர் விர்ட் ட்சு ஹவுஸ சைன்' என்றால் "அவர் வீட்டில் இருப்பார்". நாளைக்கு அல்ல, இப்போதே, ஒரு ஊகமாக! தமிழின் 'இருப்பார்' அச்சு அசலாக இதே வேலையைச் செய்கிறது. இரண்டாம் எதிர்காலம் என்று புத்தகம் சொல்லும் வடிவமோ பெரும்பாலும் நடந்து முடிந்ததைப் பற்றிய ஊகம்: "மறந்திருப்பார்" என்பது போல. இதையெல்லாம் காட்டித்தான் ஹைன்ஸ் ஃபாட்டர் என்ற மொழியியலாளர் 1975-இல், வேர்டன் காலம் காட்டும் சொல்லே அல்ல, ஊகம் காட்டும் துணைவினை என்று வாதிட்டார். எல்லோரும் ஏற்கவில்லை. ஆனாலும் புத்தகத்தைவிட அவர் பேச்சுமொழிக்கு நெருக்கமாக இருக்கிறார் என்றே தோன்றுகிறது.

இந்த இலக்கணச் சங்கதி 2013-இல் பொருளாதாரத்துக்குள்ளும் புகுந்தது. கீத் சென் என்ற பொருளாதார அறிஞர், எதிர்காலத்தைக் கட்டாயமாகத் தனியே குறிக்காத மொழிகளைப் பேசுபவர்கள் அதிகம் சேமிக்கிறார்கள் என்று எழுதினார். "நாளை மழை பெய்கிறது" என்று ஜெர்மனில் இயல்பாகச் சொல்லலாம், ஆங்கிலத்தில் முடியாது என்பதே அவர் காட்டிய உதாரணம். இன்றும் நாளையும் ஒரே வடிவத்தில் இருந்தால் நாளை பக்கத்தில் தெரியும், அதனால் கை தாராளமாகச் சேமிக்கும் என்பது வாதம். அப்படிப்பட்டவர்கள் ஓர் ஆண்டில் சேமித்திருக்கும் வாய்ப்பு 31 சதவீதம் அதிகம் என்று கணக்கும் கொடுத்தார். பத்திரிகைகள் கொண்டாடின. 2015-இல் சென்னும் சேர்ந்தே மறுபடி சோதித்தார்கள். மொழிகளுக்குள் இருக்கும் உறவுமுறையையும் கணக்கில் எடுத்துக்கொண்டதும் அந்தத் தொடர்பு பலவீனப்பட்டது. ஒரு கடுமையான சோதனையில் நிற்கவே இல்லை. தன் வாதத்தைத் தானே சோதனைக்குக் கொடுத்த சென்னைப் பாராட்டத்தான் வேண்டும்.

வரலாறு தெரிந்தால் முதலிலேயே கொஞ்சம் சந்தேகம் வந்திருக்கும். "நாளை பெய்கிறது" என்று ஃபுல்டா துறவிகள் காலத்திலிருந்தே பேசிய ஜெர்மனியில், ஏழைகளும் வேலைக்காரர்களும் பணம் போட ஹாம்பர்க்கில் சேமிப்பு நிறுவனம் வந்தது 1778-இல்தான். 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்று ஆகி, வாழ்நாள் சேமிப்பெல்லாம் காகிதமாகியது. 1948 ஜூனில் புது நாணயம் வந்தபோது வங்கியில் இருந்த பழைய மார்க் இன்னொரு முறை கரைந்தது. வேர்டன் இத்தனைக்கும் நடுவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.