படைக்கல வைப்பு (இந்தியா)

உரிமம் காலாவதியானதாலோ, நிறுத்திவைக்கப்பட்டதாலோ, ரத்தானதாலோ, உடையவர் கையில் இருத்தல் சட்டவிரோதமாகிவிட்ட துப்பாக்கியையும் தோட்டாக்களையும், அவரது சொத்துரிமைக்கு உடனே பங்கம் நேராவண்ணம், பிறர் பாதுகாப்பில் வைக்கும் ஏற்பாடு. 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இதனை விதிக்கிறது. அதன்படி, வீண் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியிடமோ, விதிகளுக்குட்பட்டு உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ, ராணுவத்தினராயின் தம் படைப்பிரிவின் ஆயுதக் கிடங்கிலோ அவற்றை ஒப்படைத்தல் வேண்டும்.

ஒப்படைத்த ஒவ்வொரு பொருளிலும் அதன் விவரம், உடையவரின் பெயர், முகவரி, பதிவேட்டு எண், பறிமுதலுக்குரிய தேதி ஆகியவை பொறித்த அட்டை கட்டப்படும். நிர்ணயித்த காலத்துக்குள், வைத்திருக்கும் தகுதியை மீண்டும் பெற்றவர் அதனைத் திரும்பப் பெறலாம். அல்லது தகுதியுள்ள வேறொருவருக்கு விற்கலாம். உடையவர் காலமானால் இவ்வுரிமை சட்டப்பிரதிநிதியைச் சாரும். இரண்டும் நிகழாவிடில், முன்னறிவிப்புத் தந்து, மாவட்ட மாஜிஸ்திரேட் அதனை அரசுடைமையாக்குவார். உரிமம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கும் காலத்தில் மட்டும் அவ்வாறு செய்தல் கூடாது.

தேர்தல் காலங்களில், இதற்கென அமைக்கப்படும் பரிசீலனைக் குழு அவசியமெனக் கருதும் உரிமதாரர்களின் ஆயுதங்களும் இவ்வாறே வைக்கப்பட்டு, முடிவுகள் வெளியான பின் திருப்பித் தரப்படுகின்றன. பொதுமக்கள் உயிருக்கான ஜாக்கிரதையும் தனிமனிதர் உடைமைக்கான மரியாதையும் ஒருங்கே அமைந்த இவ்வேற்பாடு, பதிவேட்டை நேர்மையோடு பேணும் பொறுப்பாளராலேயே பூரணப் பயன் அளிக்கும்.