பெண்மை முகமூடி

பெண்மை என்பது அணிந்துகொள்ளும் வேடம் என்னும் உளப்பகுப்பாய்வுக் கருத்து. சபையில் திறம்படப் பேசிய பெண்ணொருத்தி, பேச்சு முடிந்ததும் ஆண்களிடம் குழைந்ததை உளப்பகுப்பாய்வாளர் ஜோன் ரிவியர் 1929இல் ஆராய்ந்தார். அக்குழைவு, ஆண்களின் பழிவாங்கலுக்கு அஞ்சி அணிந்த காப்பு என்றார். முகமூடிக்கும் உண்மைப் பெண்மைக்கும் வேறுபாடில்லை என்பதே அவருடைய துணிச்சலான முடிவு.

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையில் ஜீஜி என்னும் பெண், அடுக்களை ஆட்சியையே தன் அதிகாரமாக நம்புகிறாள். வேடம் உடலோடு ஒட்டிப்போன அவலம் இது; தமிழ்ப் புனைவில் இத்தனை கூர்மையாகச் சொல்லப்பட்டது அரிது.

கூத்திலோ பெண்மை வெளிப்படையான வேடம்; மட்டக்களப்பு மாவட்டத்தின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் மரபாக ஆண்களே பெண்வேடம் கட்டினர். அவர்களுக்கு அந்த ஆட்டத்தைப் பழக்கியவர் அண்ணாவியார்.