ஆக்சிசன் உணரியின் வரலாறு

ஆக்சிசன் உணரி அல்லது லாம்டா உணரி என்பது வாகன எந்திரத்தின் புகைபோக்கிக் குழாயில் பொருத்தப்பட்டு, வெளியேறும் புகையில் எஞ்சியுள்ள ஆக்சிசனின் அளவை அறியும் கருவியாகும். எரிபொருளுக்கு ஏற்ற அளவு காற்று எந்திரத்துக்குக் கிடைக்கிறதா என்பதை இது கட்டுப்பாட்டுக் கணினிக்குத் தெரிவிக்கிறது. பெட்ரோல் வாகனங்களின் நச்சுப்புகை குறைந்ததற்கான பெருமை பெரும்பாலும் வினையூக்க மாற்றிக்கே அளிக்கப்படுகிறது. ஆனால் இவ்வுணரி இல்லையேல் மூவழி வினையூக்க மாற்றி முழுமையாகப் பயன்பட்டிருக்காது.

நெர்ன்ஸ்ட்டின் விளக்கு

இவ்வுணரியின் அடிப்படை வாகனத் துறையில் தோன்றியதன்று. செருமானிய வேதியியலாளர் வால்தர் நெர்ன்ஸ்ட், மின்கலத்தின் மின்னழுத்தத்தை அதிலுள்ள பொருட்களின் செறிவோடு தொடர்புபடுத்தும் சமன்பாட்டை 1889 ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்னர் மின்விளக்கு ஆய்வில் ஈடுபட்ட அவர், சிர்க்கோனியம் ஆக்சைடுடன் இற்றியம் ஆக்சைடு போன்றவற்றைக் கலந்து செய்த சுட்டாங்கல் தண்டு உயர் வெப்பநிலையில் மின்சாரத்தைக் கடத்துவதைக் கண்டார். குளிர்ந்த நிலையில் அத்தண்டு மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே அவரது விளக்கில் தண்டை முதலில் சூடாக்குவதற்கென ஒரு கம்பிச்சுருள் சேர்க்கப்பட்டிருந்தது.

இச்சுட்டாங்கல்லின் வழியே நகர்வன எலக்ட்ரான்கள் அல்ல, ஆக்சிசன் அயனிகள் ஆகும். அயனிகள் எவ்வாறு நகர்கின்றன என்பதை 1943 இல் கார்ல் வாக்னர் விளக்கினார். படிக அமைப்பில் ஆக்சிசன் இருக்கவேண்டிய சில இடங்கள் காலியாக இருப்பதால், அயனிகள் ஒரு காலியிடத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் செல்ல முடிகிறது.

புகைமூட்டமும் சட்டமும்

லாஸ் ஏஞ்சலஸ் நகரில் கண்ணை எரிக்கும் புகைமூட்டத்துக்கு வாகனப் புகையும் சூரிய ஒளியும் சேர்ந்து நிகழ்த்தும் வினைகளே காரணம் என்பதை 1950களின் தொடக்கத்தில் ஆரி ஹாகன்-சுமிட் நிறுவினார். 1970 இல் அமெரிக்கா இயற்றிய தூய காற்றுச் சட்டம், புதிய கார்கள் வெளியிடும் கார்பனோராக்சைடு, ஐதரோகார்பன்கள், நைட்ரசன் ஆக்சைடுகள் ஆகியவற்றை 90 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று கோரியது.

இக்கோரிக்கையில் ஒரு முரண்பாடு இருந்தது. முதல் இரண்டு நச்சுகளையும் அழிக்க அவற்றுடன் ஆக்சிசனைச் சேர்க்க வேண்டும். மூன்றாவதை அழிக்க அதிலிருந்து ஆக்சிசனைப் பிரிக்க வேண்டும். 1975 மாதிரிக் கார்களில் வந்த வினையூக்க மாற்றிகளால் முதல் பணியை மட்டுமே செய்ய முடிந்தது. எங்கல்கார்டு நிறுவனத்தில் ஜான் மூனி, கார்ல் கீத் ஆகியோரின் குழு உருவாக்கிய மூவழி வினையூக்கி இரண்டையும் ஒரே கலத்தில் செய்தது. எனினும் அது திறம்பட இயங்க, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்ற விகிதம் மிகக் குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டும். இவ்விகிதமே லாம்டா 1 எனப்படுகிறது. அன்றைய கார்புரேட்டர்களால் இந்தத் துல்லியத்தைத் தர முடியவில்லை.

முதல் உணரி

செருமனியின் பாஷ் நிறுவனம் 1960களின் இறுதியில் இதற்கான உணரியை உருவாக்கத் தொடங்கியது. அதன் வடிவம் ஒரு முனை மூடிய சிறிய சிர்க்கோனியாக் குழாய் ஆகும். குழாயின் உட்புறத்தை வெளிக்காற்றும் வெளிப்புறத்தை எந்திரப் புகையும் தொடும். இருபுறமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு மின்முனையாக அமையும். புகைப்பக்கப் பூச்சின் மேல், நுண்துளைகள் கொண்ட சுட்டாங்கல் படலம் காப்பாக இடப்பட்டது.

இருபுறமும் ஆக்சிசன் அளவு வேறுபடும்போது மின்னழுத்தம் தோன்றுகிறது. எரிபொருள் மிகுந்தால் சுமார் 0.9 வோல்ட்டும் காற்று மிகுந்தால் சுமார் 0.1 வோல்ட்டும் கிடைக்கும். லாம்டா 1 இல் இம்மதிப்பு திடீரெனத் தாவுகிறது. எனவே உணரி, கலவை எவ்வளவு பிழையானது என்று கூறுவதில்லை. எந்தப் பக்கம் பிழையானது என்று மட்டுமே கூறுகிறது. கட்டுப்பாட்டு அமைப்பு எரிபொருளைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் அந்த எல்லையைச் சுற்றியே ஊசலாடும். வினையூக்கியில் உள்ள சீரியம் ஆக்சைடு ஆக்சிசனைச் சேமித்தும் விடுவித்தும் இந்த ஊசலாட்டத்தை ஈடுசெய்கிறது.

கலிபோர்னியாவில் விற்பனைக்கென வால்வோ நிறுவனம் 1976 இல் அறிமுகப்படுத்திய 1977 மாதிரிக் கார்களில் இவ்வமைப்பு முதன்முதலாக இடம்பெற்றது. வால்வோ இதனை லாம்டா-சோண்டு என்று அழைத்தது. பெட்ரோலில் கலக்கப்பட்ட ஈயம் வினையூக்கியையும் உணரியையும் ஒருங்கே கெடுத்துவிடும் என்பதால், ஈயமற்ற பெட்ரோல் கிடைக்கும் இடங்களில் மட்டுமே இவை பயன்பட்டன.

வெப்பச் சிக்கல்

சிர்க்கோனியா ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்கு மேல்தான் நம்பத்தக்க குறிகை தரும். தொடக்ககால உணரிகள் புகையின் சூட்டையே நம்பியிருந்தன. எந்திரம் இயங்கத் தொடங்கிய முதல் சில நிமிடங்களில், அதாவது நச்சுப்புகை மிகுதியாக வெளியேறும் வேளையில், அவை செயலற்றிருந்தன. பாஷ் நிறுவனம் 1982 இல் உணரிக்குள் மின்சூடேற்றியைப் பொருத்தியது. நெர்ன்ஸ்ட்டின் விளக்கில் இருந்த அதே தீர்வு இது. பின்னர் வந்த தட்டை வடிவ உணரிகளில் சுட்டாங்கல் படலங்களும் சூடேற்றியும் அடுக்கடுக்காக இணைக்கப்பட்டதால், அவை சில நொடிகளிலேயே செயற்படத் தொடங்கின.

1990களில் அகல்பட்டை உணரிகள் பரவின. இவற்றில் இரண்டு கலங்கள் உண்டு. ஒன்று சிறு இடைவெளியிலுள்ள புகையை அளக்கும். மற்றொன்று அவ்விடைவெளி எப்போதும் லாம்டா 1 இல் இருக்குமாறு ஆக்சிசனை உள்ளேயோ வெளியேயோ ஏற்றும். அதற்குத் தேவைப்படும் மின்னோட்டமே பிழையின் அளவைக் காட்டிவிடுகிறது. எந்தப் பக்கம் என்று மட்டும் கூறிவந்த கருவி, எவ்வளவு என்றும் கூறத் தொடங்கியது இவ்வாறுதான்.

1996 மாதிரி ஆண்டு முதல் அமெரிக்கக் கார்களில் வாகனத் தன்னாய்வு முறை கட்டாயமானபோது, வினையூக்க மாற்றிக்குப் பின்னும் ஓர் உணரி இடம்பெற்றது. மாற்றி பழுதடைந்தால் இது ஓட்டுநரை எச்சரிக்க உதவுகிறது.

இந்தியாவில்

1995 ஏப்ரலில் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்க மாற்றி கட்டாயமாக்கப்பட்டு, ஈயமற்ற பெட்ரோலும் விற்பனைக்கு வந்தது. 2020 ஏப்ரல் 1 அன்று பாரத் நிலை 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருள் உட்செலுத்தும் அமைப்பு பரவலாக இடம்பிடித்தது. அதனுடன் ஆக்சிசன் உணரியும் சாதாரண இருசக்கர வாகனங்களின் உறுப்பாயிற்று.