அணை, கணக்கு, அறிக்கை: அம்பாறைக் கரையோரமும் கொள்கை ஆய்வும்

அம்பாறைக் கரையோரத்தைப் பற்றிய கொள்கை ஆய்வு, கல்லோயா எனப்படும் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துக் கட்டிய அணையிலிருந்து தொடங்குகிறது. 1949இல் அமைந்த கல்லோயா அபிவிருத்திச் சபை, அந்த அணையால் உருவான சேனாநாயக்க சமுத்திரத்தின் நீரை நம்பி உட்பகுதிக் காடுகளை வெட்டிக் குடியேற்றங்களை உருவாக்கியது. குடியேறியோரில் பெரும்பான்மையினர் வெளியிடங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சிங்களக் குடும்பத்தினர். கரையில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நெருக்கியடித்துக் கிடக்கும் ஊர்களின் வயல்களோ அணைக்கு முன்பே பல தலைமுறையாக விளைந்தவை. மேலே மதகு திறந்தால்தான் கீழே விதைப்பு என்ற நிலை அப்போது வந்தது. 1956 ஜூனில், சிங்களம் மட்டும் சட்டத்தின் சூட்டில், கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழர்கள் தாக்கிக் கொல்லப்பட்டார்கள்.

மறு ஆண்டே கேம்பிரிட்ஜ் புவியியலாளர் பி.எச். ஃபார்மர், இலங்கையின் உலர்வலயக் குடியேற்றங்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். பின்னர் கல்லோயாத் திட்டத்தை மதிப்பிட அரசு நியமித்த குழுவுக்கும் அவரே தலைவர். 1970இல் வெளிவந்த அதன் அறிக்கை, திட்டத்தில் கொட்டிய பணத்துக்கு ஈடான பயன் கிடைக்கவில்லை என்று கணக்குக் காட்டியது. கேட்கப்பட்டது பொருளாதாரக் கேள்வி. கிடைத்ததும் பொருளாதார விடை. யார் நிலத்தில் யார் குடியேறினார் என்ற வழக்கு அரசியல் மேடைக்கே விடப்பட்டது.

அந்த வழக்குக்குக் குடிசன மதிப்பீடு ஆயுதமாயிற்று. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிந்து அம்பாறை மாவட்டமானது. 1981 மதிப்பீட்டில் அங்கே முஸ்லிம்கள் ஏறத்தாழ 41 வீதம், சிங்களவர் 38 வீதம், தமிழர் 20 வீதம். 1980களில் வடகிழக்குத் தமிழர் தாயகம் பற்றி நடந்த விவாதத்தில் இத்தகைய எண்கள் இரு பக்கமும் எடுத்தாளப்பட்டன. செல்வதுரை மனோகரன் குடியேற்றம் மக்கள் விகிதத்தை மாற்றியதைக் காட்டினார், கே.எம். டி சில்வாவும் ஜெரால்ட் பீரிஸும் தாயகக் கோட்பாட்டின் வரலாற்று அடிப்படையை மறுத்தார்கள். இரண்டு தரப்பிலும் கடின உழைப்பு உண்டு. ஆனால் மாவட்டத்தில் ஆகப் பெரிய சமூகமான முஸ்லிம்கள், ஒரு தரப்புக்குத் ‘தமிழ் பேசும் மக்கள்’ என்ற கூட்டுத்தொகையில் ஒரு பகுதியாகவும், மறு தரப்புக்கு அந்தத் தொகையைக் குறைக்க உதவும் கழித்தலாகவும் மட்டுமே தென்பட்டார்கள். 1987 இலங்கை – இந்திய உடன்படிக்கை வடக்கையும் கிழக்கையும் இணைத்தபோதும் இந்த நிலை மாறவில்லை. காத்தான்குடியில் 1981இல் தொடங்கி, எம்.எச்.எம். அஷ்ரபின் தலைமையில் வளர்ந்த ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ், கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் தொகுதிகளை முன்வைத்துத் தென்கிழக்கு அலகு என்ற தனி நிர்வாகப் பிரிவைக் கேட்டது இதற்கு எதிர்வினையாகத்தான்.

ஆய்வு ஒன்று உண்மையில் நடைமுறையை மாற்றிய இடம் இந்தப் பெரிய விவாதத்துக்கு வெளியே, வாய்க்கால் கரையில் இருந்தது. 1980 வாக்கில் கொழும்பின் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் கல்லோயா இடதுகரையில் வேலை தொடங்கின. நோர்மன் அப்ஹோப் அதில் முன்னின்றவர். வாய்க்கால்கள் தூர்ந்து, மதகுகள் உடைந்து, கடைமடைக்கு நீர் எட்டாமல் கிடந்தது. தலைமடையில் பெரும்பாலும் சிங்களக் குடியேறிகள்; கடைமடையில் தமிழர் வயல்களும் இருந்தன. கள அமைப்பாளர்களாக அனுப்பப்பட்ட இளம் பட்டதாரிகள், உழவரைக் குழுவாகச் சேர்த்து, வாய்க்காலைத் தாமே துப்புரவாக்கவும் முறை வைத்து நீர் பாய்ச்சவும் தூண்டினார்கள். நீர்த்தேக்கத்தில் நீர் வெகுவாகக் குறைந்திருந்த பருவத்திலேயே மேல்மடைக்காரர் நீரை மிச்சப்படுத்திக் கீழே விட்டது ஆய்வாளருக்கே வியப்பு. இனக்கலவரம் நாட்டை எரித்த ஆண்டுகளிலும் இக்குழுக்களிற் பல கலையவில்லை. 1988இல் நீர்ப்பாசன நிர்வாகத்தில் உழவர் பங்கேற்பை அரசு தேசியக் கொள்கையாக ஏற்றது. சின்ன அலகை எடுத்துக்கொண்ட ஆய்வுக்கு வாய்த்த இந்தப் பேறு பெரிய அலகை எடுத்தவற்றுக்கு வாய்க்கவில்லை.

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் மூண்டதும் ஆய்வின் வேலை வேறாயிற்று. பொலிஸ் நிலையங்களை விடுதலைப் புலிகள் கைப்பற்றிப் பொலிஸாரைக் கொன்றார்கள். கல்முனைக்குள் நுழைந்த இராணுவம் தமிழரைக் கொன்றது. ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் புலிகளால் சுடப்பட்டார்கள். சில நாட்களில் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். தமிழ்க் கிராமங்களும் தாக்கப்பட்டன. அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினருக்கும் பங்கிருந்தது. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பு (யாழ்ப்பாணம்), அதன் நிறுவுநர்களில் ஒருவரான ராஜினி திராணகம 1989இல் சுட்டுக் கொல்லப்பட்ட பின்னும் ஓயாமல், 1991 மே மாதத்தில் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களைப் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது. எந்தத் தரப்பின் குற்றத்தையும் மறைக்காததால் எந்தத் தரப்புக்கும் அது உவப்பாக இல்லை. அது போரை நிறுத்தவில்லை. ஆனால் ‘எங்கள் பக்கம் எதுவும் நடக்கவில்லை’ என்று எவரும் எளிதாகச் சொல்லமுடியாதபடி செய்தது.

2002 பெப்ரவரி போர்நிறுத்தத்தின் பின் முஸ்லிம்கள் பேச்சுவார்த்தை மேசையில் தனித்தரப்பாக இடம் கேட்டும் பெறவில்லை. 2003 ஜனவரி 29இல், ஒலுவிலில் அஷ்ரப் முயன்று பெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முஸ்லிம்களுக்குத் தன்னாட்சி கோரிய ஒலுவில் பிரகடனம் வாசிக்கப்பட்டது. அதே காலத்தில் சமூகத்துக்கு உள்ளிருந்தே எழுதியவர்களும் வந்தார்கள். கல்முனைக்குடியில் பிறந்த எம்.ஏ. நுஃமான், முஸ்லிம் தனித்துவம் சிங்கள, தமிழ்த் தேசியவாதங்களுக்கு எதிர்வினையாக உருப்பெற்றதை விளக்கினார். மன்னாரைச் சேர்ந்த புவியியலாளர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் இடப்பெயர்வையும் காணிப் பிரச்சினையையும் ஆவணப்படுத்தினார்.

2004 டிசம்பர் 26 கடற்கோளில் நாட்டில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரைகள் துடைத்தெறியப்பட்டன. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை வந்தது. தெற்கில் அது 100 மீற்றர். கரைக்கும் வயலுக்கும் இடையே மூச்சுவிட இடமில்லாத ஊர்களில் இந்தத் தடை மாற்றுக் காணி எங்கே என்ற கேள்வியாக உடனே மாறியது. 2005 ஜூன் 24இல் அரசும் புலிகளும் கடற்கோள் நிவாரணத்துக்கான கூட்டுக் கட்டமைப்புக்கு ஒப்பமிட்டபோது முஸ்லிம்களின் ஒப்பம் அதில் இல்லை. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியில் எழுந்த 500 வீடுகள், யாருக்கு என்ற வழக்கில் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன.

வீட்டு விவகாரத்தில் மானிடவியல் கைகொடுத்தது. 1969 முதல் அக்கரைப்பற்றை ஆய்ந்துவந்த டெனிஸ் மக்கில்வ்ரே, இக்கரையில் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடி முறையைப் பகிர்வதையும், வீடு மகளுக்குச் சீதனமாகப் போவதையும் எழுதியிருந்தார். புதிய வீட்டின் உறுதியைக் ‘குடும்பத் தலைவர்’ என்று ஆணின் பெயரில் எழுதினால் பெண்களின் பரம்பரை உடைமையே கைமாறும் என்பதை, கடற்கோளுக்குப் பின் பட்ரிசியா லோரன்ஸுடன் அவர் செய்த ஆய்வு காட்டியது.

2007இல் இரண்டு வெளியீடுகள் முஸ்லிம்களின் நிலையைச் சர்வதேச விவாதத்துக்குக் கொண்டுபோயின: மக்கில்வ்ரேயும் மிராக் ரஹீமும் எழுதிய ஆய்வுரை ஒன்று; சர்வதேச நெருக்கடிக் குழுவின் மே மாத அறிக்கை மற்றது. முஸ்லிம்கள் ஆயுதக் கிளர்ச்சிக்குப் போகாமல் அரசியல் வழியையே நம்பினார்கள், அந்த நம்பிக்கை என்றும் நீடிக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை என்று நெருக்கடிக் குழு எழுதியது. 2010இல் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்துக்காக பவானி பொன்சேகாவும் மிராக் ரஹீமும் கிழக்கின் காணிப் பிணக்குகளைத் தொகுத்தார்கள். எனினும் 2019 ஏப்ரல் 21இல் முஸ்லிம் தீவிரவாதக் குழுவொன்று நடத்திய உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலும், ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் நடந்த வெடிப்பும் வந்தபின்தான், பழைய அறிக்கைகளைக் கொழும்பு மீண்டும் தேடியது. அந்தச் செப்டெம்பரில் நெருக்கடிக் குழு, ஒரு சிறு குழுவின் செயலுக்கு முழுச் சமூகத்தையும் தண்டிப்பது புதிய வன்முறைக்கே வழி என்று எச்சரித்தது.

இத்தனை ஆய்வுகளுக்குப் பின்னும் கல்முனைக்குள்ளேயே எல்லைப் பிணக்கு இன்னும் தீரவில்லை. தமிழர் கேட்கும் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத் தரமுயர்வுக்காக 2019 ஜூனில் உண்ணாவிரதம் நடந்தது. சாய்ந்தமருதுக்குத் தனி உள்ளூராட்சி சபை வழங்கி 2020 பெப்ரவரியில் வெளியான வர்த்தமானி சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது.