கோலாலம்பூரில் பிறந்த டெஸ்ட் வீரர்: லால் சிங் (1909–1985)

கோலாலம்பூர் வரலாறு என்றதும் ஈயம், ரப்பர், ரயில்வே என்று எழுதி முடித்துவிடுகிறோம். இந்தியா ஆடிய முதல் டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டத்தில் இந்த ஊர்க்காரர் ஒருவரும் இருந்தார். எத்தனை மாணவர்களுக்கு அவர் பெயர் தெரியும்? கேட்டுப் பாருங்க.

லால் சிங் 1909 டிசம்பர் 16-இல் கோலாலம்பூரில், சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர். அன்று விளையாட்டும் பெரும்பாலும் இனவாரியாகவே நடந்தது. இன்றைய மெர்டேக்கா சதுக்கம் அப்போது பாடாங். 1884-இல் தொடங்கிய சிலாங்கூர் கிளப்பின் கிரிக்கெட் திடல். அந்தக் கிளப்பில் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களே இருந்தார்கள். மற்றவர்கள் சொந்தமாகச் சங்கம் அமைத்து ஆடினார்கள். தமிழர்கள் 1914-இல் தொடங்கிய டி.பி.சி.ஏ. அப்படி வந்ததுதான். லால் சிங்கோ ஐக்கிய மலாய் மாநிலங்கள் அணி வரைக்கும் உயர்ந்தார்.

1932 ஜூன் 25, லண்டன் லார்ட்ஸ் மைதானம். இங்கிலாந்தின் முதல் இரண்டு விக்கெட்டையும் முகமது நிசார் சாய்த்தார். அடுத்து, பெரிய ஆட்டக்காரரான பிராங்க் வூலியை லால் சிங் ரன் அவுட் ஆக்கினார். இங்கிலாந்து 19 ரன்னுக்கு 3 விக்கெட்! பேட்டிங்கில் அவர் எடுத்தது 15, 29. இரண்டாம் இன்னிங்ஸில் அமர் சிங்கோடு சேர்ந்து 74 ரன் குவித்தார். ஆனாலும் இந்தியா 158 ரன்னில் தோற்றது. லால் சிங் ஆடிய டெஸ்ட் அது ஒன்றுதான். 1985-இல் கோலாலம்பூரிலேயே காலமானார்.

பிறந்தது மலாயா, ஆடியது இந்தியாவுக்கு. ஏன்? மலாயாவுக்கு டெஸ்ட் அணி கிடையாது. இரண்டு நாடும் ஒரே பேரரசின் கீழ் இருந்ததால் இந்திய வம்சாவளியினருக்கு அந்த வழி திறந்திருந்தது. அதனாலேயே இன்று இரண்டு நாட்டுக் கதையிலும் அவர் ஓரமாக நிற்கிறார்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர் பாரிசில் இரவு விடுதி நடத்தினார் என்று ஒரு கதை உண்டு. கேட்க நல்லாத்தான் இருக்கும். விடைத்தாளில் ஸ்கோர் அட்டை சொல்வதை முதலில் எழுதுங்க. கதையை எழுதினால் ‘கதை’ என்றே குறிப்பிடுங்க.

ஆசிரியர்களே, பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பக்கம் பழைய சங்கங்களின் குழுப்படம் எங்காவது தொங்கினால் மாணவர்களை அழைத்துப் போங்க. படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதச் சொல்லுங்க. அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டால்தான் பெயர் கிடைக்கும்.