தோல்வி யார் கணக்கில்?

1916-ஆம் ஆண்டு ஃபிலடெல்ஃபியா அத்லெட்டிக்ஸ் அணிக்குப் பந்து வீசிய ஜாக் நேபர்ஸின் பெயருக்கு எதிரே பேஸ்பால் பதிவேட்டில் இருப்பது இவ்வளவுதான்: வெற்றி 1, தோல்வி 20. அவரோடு வீசிய டாம் ஷீஹனுக்கு வெற்றி 1, தோல்வி 16. அந்த அணி அந்த ஆண்டில் வென்றது 36 ஆட்டங்கள், தோற்றது 117. கோடையின் நடுவில் தொடர்ந்து 20 ஆட்டங்கள் தோற்றார்கள்.

பேஸ்பாலில் ஒவ்வோர் ஆட்டத்தின் தோல்வியும் பந்து வீசும் பிட்ச்சர் ஒருவரின் பெயரில் பற்று எழுதப்படும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிது. ஓர் ஆட்டம் தோற்றதற்கு அஸ்வின் பெயரில் மட்டும் தோல்வி எழுதும் வழக்கம் நம்மிடம் இல்லை. பிட்ச்சருக்கு அடுத்து, மேனேஜரின் பெயரிலும் அதே தோல்வி ஏறும். கேப்டனும் பயிற்சியாளரும் செய்யும் வேலையைச் சேர்த்துச் செய்பவர் அவர். யார் ஆடுவது, எந்த வரிசையில் மட்டை பிடிப்பது, பிட்ச்சரை எப்போது மாற்றுவது எல்லாம் அவர் முடிவு. அத்தோடு பதிவேடு முடிந்துவிடுகிறது. அணியை விலைக்கு வாங்கி வைத்திருக்கும் முதலாளிக்கோ, வீரர்களை எடுக்கவும் விற்கவும் கையெழுத்துப் போடும் ஜெனரல் மேனேஜருக்கோ வெற்றி தோல்விப் பத்தியே கிடையாது.

நான் தணிக்கைத் தொழிலில் வாழ்நாளைக் கழித்தவன். ஃபிலடெல்ஃபியாவில் குடியேறிய பிறகு இந்த ஊரின் பேஸ்பால் பைத்தியம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அணி சறுக்கும் ஒவ்வொரு கோடையிலும் ரேடியோவில், ரயிலில், முடிதிருத்தும் கடையில் ஒரே வழக்குதான் நடக்கும்: குற்றம் வீரர்கள் மேலா, நிர்வாகத்தின் மேலா? இந்த வழக்கை விசாரிக்க இந்த ஊரை விடப் பொருத்தமான இடம் அமெரிக்காவில் இல்லை என்று நினைக்கிறேன். நூறாண்டுச் சாட்சியங்கள் இங்கே கிடக்கின்றன.

அவற்றில் முதன்மையானது லீஹை அவென்யூவும் 21-ஆம் தெருவும் சேரும் முனையில் 1909-இல் திறந்த ஷைப் பார்க். எஃகும் கான்கிரீட்டும் கொண்டு எழுப்பிய முதல் பெரிய பேஸ்பால் மைதானம் அது. 1976-இல் இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே ஒரு பெரிய தேவாலயம் நிற்கிறது. அந்த மைதானத்தில் ஆடிய அத்லெட்டிக்ஸ் அணியை 1901 முதல் 1950 வரை ஐம்பது ஆண்டுகள் நடத்தியவர் கானி மேக். அணிச் சீருடை போடாமல், கோட்டும் டையும் உயர்ந்த கழுத்துப்பட்டியுமாக உட்கார்ந்து, கையிலிருந்த ஸ்கோர் அட்டையை அசைத்தே ஃபீல்டர்களை இடம் மாற்றுவார். அவர் மேனேஜர் மட்டும் இல்லை, அணியின் பங்குதாரரும்கூட. ஆகவே முதலாளியின் முடிவும் மேனேஜரின் முடிவும் ஒரே ஆளிடமிருந்து வந்தன. வழக்கை விசாரிப்பவருக்கு இதைவிடத் தெளிவான ஏடு கிடைக்காது.

1910, 1911, 1913 ஆகிய மூன்று ஆண்டுகளில் கானி மேக்கின் அணி, இரண்டு லீக்குகளின் பட்டம் வென்ற அணிகள் மோதும் வேர்ல்ட் சீரிஸை வென்றது. 1914-இல் 99 ஆட்டங்கள் வென்று லீக் பட்டத்தையும் பெற்றது. ஆனால் அந்த ஆண்டு வேர்ல்ட் சீரிஸில் பாஸ்டன் பிரேவ்ஸிடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. அதே சமயத்தில் ஃபெடரல் லீக் என்ற போட்டி லீக் ஒன்று முளைத்து, நல்ல வீரர்களுக்குக் கூடுதல் சம்பளம் காட்டி இழுத்துக்கொண்டிருந்தது. ஷைப் பார்க்குக்கு வரும் கூட்டமும் 1914-இல் முந்தைய ஆண்டைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடத்தப் பென்சில்வேனியா சட்டம் இடம் கொடுக்கவில்லை. உழைக்கும் மக்களுக்கு ஓய்வு கிடைக்கும் ஒரே நாளில் மைதானக் கதவு பூட்டியே இருந்தது. 1934-இல்தான் இந்த ஊரில் அது திறந்தது.

கானி மேக் விற்கத் தொடங்கினார். இரண்டாம் பேஸில் ஆடிய எடி காலின்ஸ் 50,000 டாலருக்குச் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்குப் போனார். பிட்ச்சர்கள் சீஃப் பெண்டரும் எடி பிளாங்கும் ஃபெடரல் லீக்குக்குப் போய்விட்டார்கள். மூன்றாம் பேஸ் ஃபிராங்க் பேக்கர் சம்பளத் தகராறில் 1915 முழுவதும் ஆடவில்லை. அடுத்த ஆண்டு நியூயார்க் யாங்கீஸ் அவரை வாங்கியது. ஜேக் பேரியும் ஹெர்ப் பென்னாக்கும் பாஸ்டனுக்கு, பாப் ஷாக்கி நியூயார்க்குக்கு. 1914-இல் 99 வெற்றி, 1915-இல் 43. மேனேஜர் மாறவில்லை, மைதானம் மாறவில்லை. மாறியது ஆட்கள்தான்.

அப்படியானால் குற்றம் வீரர்களுடையதா? இங்கேதான் என் தொழிற்புத்தி குறுக்கே வரும். ஒரு செலவு தவறாகப் போனால், பணத்தைக் கையில் வாங்கியவனை மட்டும் கேட்டு நிறுத்தக் கூடாது. ஒப்புதல் கையெழுத்து எங்கே என்று தேட வேண்டும். அந்த ஆட்களை அங்கே நிறுத்தியது யார்? போனவர்கள் போன இடத்தில் என்ன செய்தார்கள்? காலின்ஸ் 1917-இல் சிகாகோவோடு வேர்ல்ட் சீரிஸ் வென்றார். ஷாக்கி 1916-இலேயே யாங்கீஸுக்காக 24 ஆட்டங்களை வென்றார். அந்த ஆண்டு அத்லெட்டிக்ஸ் அணியில் 24 ஆட்டங்கள் தோற்ற ஜோ புஷ், 1922-இல் யாங்கீஸ் அணியில் 26 வென்று 7 மட்டும் தோற்றார். அதே ஆள், அதே தோள். பின்னால் நின்று பிடிப்பவர்களும் முன்னால் ரன் எடுத்துத் தருபவர்களும்தான் வேறு.

இந்தச் சோதனை எல்லோரையும் விடுவித்துவிடவில்லை. ஃபெடரல் லீக்குக்குப் போன இருவரில் பிளாங்க் 1915-இல் 21 ஆட்டங்கள் வென்றார். பெண்டர் வென்றது 4, தோற்றது 16. அவரைத் தடுத்து நிறுத்தாதது கானி மேக்கின் பிழை என்று சொல்ல முடியாது. வீரர்களுக்கும் வயதாகும், கை தளரும். அதையும் ஏட்டில் நேர்மையாக எழுத வேண்டும்.

ரன் கணக்கும் ஒரு சாட்சி. பில் ஜேம்ஸ் என்ற ஆய்வாளர் பரப்பிய எளிய சூத்திரம் ஒன்று உண்டு. அணி எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்ததன் வர்க்கமும் கொடுத்ததன் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுத்தால், அந்த அணி எத்தனை விழுக்காடு ஆட்டங்களை வெல்லத் தகுதி கொண்டது என்பது ஏறத்தாழத் தெரியும். 1916-இல் அத்லெட்டிக்ஸ் எடுத்தது 447 ரன், கொடுத்தது 776. சூத்திரம் சொல்லும் வெற்றி 38, கிடைத்தது 36. டக்அவுட்டில் உட்கார்ந்து எடுத்த முடிவுகள் அந்த ஆண்டு பெரிதாக எதையும் கெடுக்கவில்லை, காக்கவும் இல்லை. முதல் ஆட்டத்துக்கு முன்பே, அலுவலக மேசையில் அந்த ஆண்டு தோற்றுவிட்டது. நேபர்ஸின் 20 தோல்விகளும் அங்கே எழுதப்பட்டவை.

இன்னொரு முறையும் அதேதான் நடந்தது. கானி மேக் மீண்டும் ஓர் அணியைக் கட்டினார். 1929, 1930, 1931 மூன்று ஆண்டுகளிலும் நூறு ஆட்டங்களுக்கு மேல் வென்றார்கள். பெருமந்தம் வந்தது, மறுபடியும் விற்பனை. அல் சிமன்ஸ் சிகாகோவுக்கு, லெஃப்டி குரோவ் பாஸ்டனுக்கு, மிக்கி காக்ரேன் டெட்ராய்ட்டுக்கு. காக்ரேன் டெட்ராய்ட்டில் ஆடிக்கொண்டே மேனேஜராகவும் இருந்து 1934-இலும் 1935-இலும் லீக் பட்டம் வென்றார். 1935-இல் வேர்ல்ட் சீரிஸும் கிடைத்தது. அதே 1935-இல் அத்லெட்டிக்ஸுக்குக் கடைசி இடம். பணமில்லாத முதலாளி விற்காமல் என்ன செய்வார் என்று கேட்பவர்கள் இங்கே உண்டு. நியாயமான கேள்விதான். முடிவுக்குக் காரணம் இருந்தது என்பதால் முடிவு எடுத்தவர் மாறிவிட மாட்டார்.

அதே மைதானத்தில்தான் இந்த ஊரின் இன்னொரு காயமும் விழுந்தது. 1938 முதல் ஃபில்லீஸ் அணியும் அங்கே ஆடிவந்தது. அத்லெட்டிக்ஸ் 1954 பருவத்தோடு கான்சஸ் சிட்டிக்குப் பெயர்ந்த பிறகு ஊருக்கு மிஞ்சியது ஃபில்லீஸ் மட்டுமே. அதன் மேனேஜர் ஜீன் மாக். 1961-இல் அவருடைய அணி தொடர்ந்து 23 ஆட்டங்கள் தோற்றது. ஆனாலும் அவரை நீக்கவில்லை. ஜெனரல் மேனேஜர் ஜான் குவின் பொறுத்திருந்தார். பொறுமைக்குப் பலன் வந்தது: 1964 செப்டம்பர் 20 அன்று இன்னும் 12 ஆட்டங்களே பாக்கி, ஃபில்லீஸ் ஆறரை ஆட்டங்கள் முன்னால். வேர்ல்ட் சீரிஸ் டிக்கெட்டுகள் அச்சாகிவிட்டன.

மறுநாள் சின்சினாட்டியின் சிக்கோ ரூயிஸ், ஃபிராங்க் ராபின்சன் மட்டையோடு நிற்கும்போதே, யாரும் எதிர்பாராமல் மூன்றாம் பேஸிலிருந்து ஓடிவந்து ஹோம் பிளேட்டைத் திருடினார், அதாவது பந்து அடிபடாமலேயே ரன் எடுத்தார். அந்த ஒரே ரன்னில் ஆட்டம் போனது. அதன்பின் தொடர்ந்து தோல்வி, மொத்தம் பத்து. பதற்றத்தில் மாக் தன் சிறந்த பிட்ச்சர்கள் ஜிம் பன்னிங்கையும் கிறிஸ் ஷார்ட்டையும் இரண்டே நாள் ஓய்வில் திரும்பத் திரும்ப இறக்கினார். செப்டம்பர் 25, 28 ஆகிய நாட்களில் ஷார்ட்; 27, 30 ஆகிய நாட்களில் பன்னிங். நான்கும் தோல்வி. பிறகு மூன்று நாள் ஓய்வு முழுதாகக் கிடைத்ததும், கடைசி நாள் சின்சினாட்டியை ஒரு ரன்கூட எடுக்கவிடாமல் 10-0 என்று பன்னிங் முடித்துவைத்தார். அதற்குள் செயின்ட் லூயிஸ் ஓர் ஆட்டம் முன்னால் போய்விட்டது.

என்னோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் அப்போது பள்ளிச் சிறுவர். அந்தப் பத்து ஆட்டங்களின் ஸ்கோரையும் வரிசையாகச் சொல்வார். அவர் தீர்ப்பில் மாக் மட்டுமே குற்றவாளி. நான் அவருக்கு இரண்டு விஷயங்களை எடுத்துச் சொல்வதுண்டு. ஒன்று, செப்டம்பர் தொடக்கத்தில் ஃபிராங்க் தாமஸின் கட்டைவிரல் உடைந்தது; ரே கல்ப்பின் முழங்கை வலி; டென்னிஸ் பென்னட்டின் தோள் வலி. இறக்க வேறு ஆள் குறைவு. இரண்டு, ரன் கணக்கு: அந்த ஆண்டு எடுத்தது 693, கொடுத்தது 632. சூத்திரப்படி 88 வெற்றிகள்தான் வர வேண்டும். வந்தது 92. அதாவது, பத்து நாளில் கோட்டை விட்டவரே அதற்கு முந்தைய ஐந்து மாதங்களில் அணியைத் தகுதிக்கு மேல் தூக்கி வந்தவர். இரண்டு பதிவுகளும் மாக்கின் கணக்கிலேயே சேர வேண்டும், வரவும் பற்றும்.

அந்தத் தோல்விக்குப் பின் ஊரின் கோபம் மெல்ல ஒரு வீரர் மேல் இறங்கியது. டிக் ஆலன், 1964-இன் சிறந்த புதுமுக வீரர், கறுப்பினத்தவர். அடுத்த ஆண்டுகளில் ரசிகர்கள் அவர்மீது பொருட்களை எறிந்தார்கள். ஃபீல்டிங்கின்போதும் அவர் தலைக்கவசம் போட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. 1969-இல் அவரைச் செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். 1972-இல் சிகாகோவில் லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருது பெற்றார். ஃபில்லீஸ் அவருடைய 15-ஆம் எண்ணை 2020-இல்தான் கௌரவித்து ஓய்வு கொடுத்தது. அந்த ஆண்டின் இறுதியில் அவர் காலமானார். வழக்கைத் தவறாகத் தீர்த்தால் ஒரு மனிதனுக்கு என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊர் தரும் சாட்சி இது. இந்தப் பிழையில் ரசிகர்களுக்கும் பங்கு உண்டு.

ஆலனை அனுப்பிய அதே பரிமாற்றத்தில் செயின்ட் லூயிஸிலிருந்து ஃபிலடெல்ஃபியாவுக்கு வரவேண்டியவர் கர்ட் ஃபிளட். வர மறுத்தார். தன்னைக் கேட்காமல் தன்னை விற்கும் விதியை எதிர்த்து நீதிமன்றம் போனார். 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். ஆனால் 1975-இல் மத்தியஸ்தர் தீர்ப்பு ஒன்று அந்த விதியை உடைத்தது. வீரர்களால் தங்கள் விலையைத் தாங்களே பேச முடிந்தது. அதோடு பொறுப்பின் கணக்கும் மாறியது. பல ஆண்டு ஒப்பந்தம் கையில் வைத்திருக்கும் வீரர்களை அனுப்புவது கடினம். மேனேஜரை அனுப்புவது எளிது. 1988-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் ஆறே ஆட்டங்கள் தோற்றதும் மேனேஜர் கேல் ரிப்கன் சீனியரை நீக்கியது. புதிதாக வந்த ஃபிராங்க் ராபின்சனும் அடுத்த 15 ஆட்டங்களைத் தோற்றார். மறு ஆண்டு, இளைஞர்களைக் கொண்டு அணியைப் புதுப்பித்தபோது, அதே ராபின்சன் 87 ஆட்டங்களை வென்றார்.

மாறாக, 2022 ஜூன் 3 அன்று ஃபில்லீஸ் ஜோ ஜிரார்டியை நீக்கியபோது வெற்றி 22, தோல்வி 29. துணைக்கு இருந்த ராப் தாம்சன் பொறுப்பேற்றார். நட்சத்திர வீரர் பிரைஸ் ஹார்ப்பர் கட்டைவிரல் உடைந்து இரண்டு மாதம் வெளியே இருந்தும், 65 வெற்றி, 46 தோல்வி. வேர்ல்ட் சீரிஸ் வரை போனார்கள். இங்கே மாற்றம் பலித்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆகஸ்டில் புதிய வீரர்களை வாங்கியதும் அதில் சேரும்.

ஆக, ஒரு பருவம் பாழானால் நான் மூன்றைக் கேட்கிறேன். இந்த வீரர்கள் வேறிடத்தில், வேறு ஆண்டில் எப்படி ஆடினார்கள்? இந்த மேனேஜர் வேறு வீரர்களைக் கொண்டு என்ன செய்தார்? இவர்கள் அனைவரையும் ஒரே கூரையின்கீழ் சேர்த்தவர் யார்? முதல் இரண்டுக்கும் பதிவேடு பதில் சொல்லும். மூன்றாவதுக்குச் சொல்லாது, அதனால்தான் கோபம் எப்போதும் முதல் இருவரிடமே போய் முட்டுகிறது. நேபர்ஸ் என்றோ நடந்த விற்பனைக்கு விலை கொடுத்தார், ஆலன் தனக்குப் பங்கில்லாத கோபத்துக்கு. அணிகளின் பதிவேட்டில் முதலாளிக்கும் ஜெனரல் மேனேஜருக்கும் தனிப் பத்தி வேண்டும்: எந்த ஆண்டு யாரை எடுத்தார்கள், யாரை விட்டார்கள், அதன்பின் வெற்றி எத்தனை, தோல்வி எத்தனை. அது வரும்வரை, வீரரின் பெயரைச் சொல்லிக் கூவும் முன் அந்தக் கையெழுத்தைத் தேடிப் பார்ப்பது நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் நம் கடமை.